மான் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது

போன கிழமை பக்கத்து வீட்டுக் கிழவர் கதவைத் தட்டி, பழைய பத்திரிகையில் சுற்றிய உறைந்த பொதி ஒன்றை நீட்டினார். மான் இறைச்சி. மகன் சுட்டதாம். "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி, பல்லைக் காட்டி வாங்கிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு, பிரிக்காமலே குளிர்பெட்டிக்குள் தள்ளினேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நானும் தாசனும் லாசால் பகுதியில் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாகக் குடியிருந்தோம். அவன் மனைவி ஸ்ரெல்லாவுக்கு வயிற்றில் புற்றுநோய். மருந்து ஏற்றத் தொடங்கியபின் சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்புவாள். "எதை வச்சாலும் வாய்க்குள்ள கறள் பிடிச்ச இரும்பு மாதிரிக் கிடக்கு." தாசன் சமைத்துச் சமைத்துக் கொட்டினான். அவன் சமையலைக் கொட்டுவதற்கு நோய் தேவையில்லை. அது வேறு கதை.

ஒருநாள் அவளாகவே, "மான் இறைச்சி எண்டா ரெண்டு வாய் தின்னுவன்போல கிடக்கு" என்றாள். மன்னார்க்காரி, காட்டிறைச்சி தின்று வளர்ந்தவள். அன்று மாலையே தாசன் என் வாசலில் நின்றான்.

"சனிக்கிழமை வேட்டைக்குப் போறம்."

"மச்சான், நான் கோழி உரிக்கிறதையே பாக்கமாட்டன்."

"நீ சுட வேண்டாம். தூக்க வா."

வேலையிடத்து நண்பர்கள் உசுப்பேற்றி, அவன் வகுப்புக்குப் போய் அனுமதியும் எடுத்துத் துவக்கும் வாங்கியிருந்தான். அலுமாரியில் பூட்டி அழகு பார்த்ததோடு சரி.

இந்த நாட்டு வேட்டையில் ஒரு வேடிக்கை. எங்கள் ஊரில், சண்டை நாட்களில், துவக்குச் சத்தம் கேட்கிற இடத்தில் யார் கண்ணிலும் படாமலிருப்பதுதான் கெட்டித்தனம். இங்கேயோ எல்லார் கண்ணிலும் படும்படி செம்மஞ்சள் மேலங்கியைக் காசு கொடுத்து வாங்கி மாட்டவேண்டும். லவால் நகரைத் தாண்டி வடக்கே வெகுதூரம் ஓடி, இரண்டு தோடம்பழங்கள் மாதிரிப் பனிக்குள் குந்தியிருந்தோம்.

"கரடி வராதோ?"

"அது இப்ப படுத்திருக்கும்."

"படுக்காத கரடி?"

"உன்னைக் கண்டா சிரிச்சே செத்துப்போகும். வாயைப் பொத்து."

பிறகு மான் வந்தது. மரங்களுக்கிடையில், கையெட்டும் தூரம் போல. தாசன் சுட்டான்.

அடுத்து நான் அறிந்தது, என் மூக்கு பனிக்குள் இருந்தது. இரண்டு கையும் தலைக்கு மேலே. நான் சைவக்காரன், வாயில் வந்ததோ "மாதாவே!" மெல்லத் திரும்பினால் பக்கத்தில் தாசனும் குப்புறக் கிடக்கிறான். துவக்கு எங்கோ கிடக்கிறது.

"எந்தப் பக்கத்தால அடிக்கிறாங்கள்?" என்று கிசுகிசுத்தான்.

"நீதானேடா சுட்டனீ!"

மான் நின்று எங்கள் இருவரையும் பார்த்தது. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு ஆறுதலாக நடந்து போனது.

திரும்பும் வழியில், பாலத்தில் ஏறும்போது தாசன், "அவளுக்கு என்னெண்டு சொல்லுவன்?" என்றான்.

ஸ்ரெல்லா கம்பளித் தொப்பியோடு சோபாவில் காத்திருந்தாள். "மான் எங்க?"

நான்தான் நடந்ததைச் சொன்னேன். அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"விழுந்து காட்டுங்கோ பாப்பம்."

மேலங்கியோடு தரைவிரிப்பில் தொப்பென்று விழுந்தோம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணை, திரும்ப ஒருக்கா." திரும்ப விழுந்தோம். அந்தச் சிரிப்புக்குள் தாசன் சோற்றுக் கோப்பையோடு ஓடிவந்து ஒரு வாய் ஊட்டினான். அவனுடைய கோழிக்கறிதான். "எரிஞ்சுபோச்சு" என்றாள், இன்னொரு வாய்க்கு வாயைத் திறந்தாள்.

அதன்பின் அவளுடைய சாப்பாட்டு நேரமெல்லாம் நாங்கள் விழுகிற நேரம். நான் வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றாமல் மேலே ஏறி விழுந்திருக்கிறேன். கீழ்வீட்டில் எனக்குப் பதில் வேறு யாரேனும் இருந்திருந்தால் பொலிஸைக் கூப்பிட்டிருப்பார்கள்.

மாசியில் ஒருநாள் நாங்கள் விழுந்தபோது சோபாவிலிருந்து சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடியிருந்தாள், மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் எழும்பாமல் அப்படியே கிடந்தோம். அந்தக் கிழமையே போய்விட்டாள்.

தாசன் துவக்கை விற்றுவிட்டு ரொறன்ரோவுக்குப் போனான். முதலில் அடிக்கடி கதைத்தோம். பேந்து நத்தார் பண்டிகைக்கு மட்டும். இப்போது அதுவுமில்லை.

பொதி குளிர்பெட்டிக்குள் கிடக்கிறது. மான் வந்துவிட்டது. எங்கே என்று கேட்கத்தான் ஆளில்லை.