சாட்சியில் விட்டுப்போன பெயர்

போன வாரம் கரையான்சாவடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, தலைவலி மாத்திரை வாங்கலாம் என்று ஒரு மருந்துக் கடையில் ஏறினேன். கண்ணாடி அலமாரியில் புதிதாகச் சில பாட்டில்கள். ஒன்றின் மேல் சின்னச் சின்னப் பச்சை இலைகளின் படம்... கீழாநெல்லி மாத்திரை.

“கல்லீரலுக்கு நல்லதும்மா. இப்ப இதுதான் நல்லா ஓடுது” என்றார் கடைக்காரர்.

இருக்கலாம். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் கன்னியம்மா அக்கா ஞாபகம் வந்துவிட்டது. தலைவலி மாத்திரையைக்கூட வாங்காமல் இறங்கிவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஆவடியில், ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் வீட்டுக்கு ஒரு பக்கம் கன்னியம்மா அக்கா, இன்னொரு பக்கம் ஸ்டெல்லா. மூன்று வீட்டு ஆண்களுக்கும் ஒரே ஃபாக்டரி, ஒரே சங்கு.

ஸ்டெல்லா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கைக்குழந்தைக்காரி. ஜெபக்கூட்டத்தை விட்டால் வேறெங்கும் போக மாட்டாள். கன்னியம்மா அக்கா பருத்திப்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். அம்மன் பக்தை. நெற்றி நிறையக் குங்குமம், வாய் ஓயாத பேச்சு. இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போகும் என்கிறீர்களா? ஒத்துப்போயிற்று. ஸ்டெல்லாவின் பிரசவத்துக்குப் பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்ததே அக்காதான்.

ஒரு கோடையில் ஸ்டெல்லாவின் கணவர் அருள்ராஜுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஓய்வுதான் முக்கியம், எண்ணெய் சேர்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஸ்டெல்லா நடுங்கிப் போனாள். அவளுடைய அண்ணனை இதே காமாலையில்தான் பறிகொடுத்திருந்தார்கள். அன்றைக்கே உபவாசம் ஆரம்பித்துவிட்டாள். பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை.

கன்னியம்மா அக்கா விடிகாலையில் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போய்க் கீழாநெல்லி பறித்து வந்தார். அலசி, விழுதாக அரைத்து, மோரில் கலக்கினார். ஆனால் உடனே கொடுத்துவிடவில்லை. “டாக்டராண்ட ஒரு வார்த்த கேட்டுகினு வந்துடு” என்று என் வீட்டுக்காரரை அனுப்பினார். “குடிக்கட்டும், ஆனா ரத்தப் பரிசோதனைக்கு வராம இருந்துடக் கூடாது” என்றாராம் டாக்டர். அதற்கப்புறம் தினமும் அந்த டம்ளர் வந்தது.

டம்ளரோடு கஞ்சியும் வந்தது. அது ஸ்டெல்லாவுக்கு.

“இன்னா இஸ்டெல்லா, அவருதான் படுத்துகினு கீறாரு. நீயும் படுத்துட்டா கொயந்தய யாரு பாக்கறது? ஜெபம் பண்ணு, வேணான்னு சொல்லல. பண்ணிட்டு இத்தக் குடி.”

“சாயங்காலம் ஜெபம் முடிச்சிட்டுக் குடிக்கேன்க்கா.”

“அப்ப சாயங்காலம் வரிக்கும் நான் இங்கியேதான் குந்திகினு இருப்பேன்.”

சொன்னபடியே உட்கார்ந்தார். உள்ளே ஸ்டெல்லா முழங்காலில் நின்று அழுதுகொண்டிருப்பாள். வாசற்படியில் அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருப்பார். நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். இரண்டுமே பிரார்த்தனை மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

அருள்ராஜ் தேறினார். கண்ணில் வெள்ளை திரும்பியது. ஓய்வா, இலையா, ஜெபமா – எது குணப்படுத்தியது? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அப்போது யாருக்கும் இல்லை.

அவசியம் வந்தது, அவர் தேறியதற்கு நன்றி சொல்லி ஸ்டெல்லா வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்த அன்று.

எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தாள். கன்னியம்மா அக்கா தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். ஸ்டெல்லா சந்தோஷமாக வாங்கி உள்ளே வைத்தாள். நாங்கள் பாயில் உட்கார்ந்தோம். பாட்டு முடிந்ததும், கர்த்தர் தனக்குச் செய்ததை எல்லார் முன்னும் சாட்சியாகச் சொல்ல ஸ்டெல்லா எழுந்தாள்.

“எந்த மருந்தும் உதவல, எந்த மனுஷரும் உதவல. கர்த்தர் ஒருத்தர்தான் எம் புருஷனைக் காப்பாத்துனாரு.”

கூட்டத்தில் அப்படிச் சொல்வது வழக்கம். ஸ்டெல்லாவும் வழக்கத்தைத்தான் சொன்னாள். அருள்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரையும் போலக் கைகூப்பியிருந்த அக்கா, அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பலகாரம் பரிமாறும் நேரத்தில், கூட்டத்தில் மூத்த அம்மா ஒருவர் ஸ்டெல்லாவின் காதருகே கேட்டார்: “அந்தப் பொங்கல், அவங்க சாமிக்குப் படைச்சதா இருக்குமோ?”

ஸ்டெல்லாவின் கையில் கரண்டி நின்றது. பிறகு தூக்கை மூடி, சமையல் மேடைக்குக் கீழே தள்ளி வைத்தாள். எங்களுக்கு நேர் எதிரேதான் சமையலறை. அக்கா பார்த்தார். டீயைக் குடித்துவிட்டு, “வரேம்மா” என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை ஸ்டெல்லா என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அருள்ராஜ் அனுப்பியிருந்தார்.

“யக்கா, நேத்து அவங்க அப்படிக் கேட்டதும் எனக்குப் பயமாயிட்டு. தப்பா நெனைக்காதீங்க.”

கன்னியம்மா அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

“பொங்கல் வெச்சா மொதல்ல எங்க ஆத்தாவுக்குத்தான் காட்டுவேன். நேத்து காட்டல. நீங்க துன்ன மாட்டீங்களேன்னு, அப்டியே மூடி எட்தாந்தேன். ஒரு வார்த்த என்ன கேட்டிருக்கலாம்ல, இஸ்டெல்லா?”

ஸ்டெல்லா அழுதாள். அக்கா எழுந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். காபியும் போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தோம்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் ஸ்டெல்லா வீட்டுப் படி ஏறவில்லை. குழாயடியில் பார்த்தால் சிரிப்பார், குழந்தையைக் கொஞ்சுவார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடச் சமாதானம் பேசியிருக்கலாம். சிரிக்கிறவரிடம் என்ன பேசுவது?

அவர் கணவர் ரிட்டயர் ஆனதும் பருத்திப்பட்டில் இருந்த சொந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த ஸ்தோத்திரக் கூட்டத்தில் ஸ்டெல்லா மறுபடி எழுந்தாள். அந்த மூத்த அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். “கர்த்தர் என் வீட்டுக்குக் கன்னியம்மா அக்காவ அனுப்புனாரு. அவங்க கையாலதான் நாங்க பிழைச்சோம். போன தடவ நான் அதைச் சொல்லல” என்றாள்.

“இதை அக்காகிட்டப் போய்ச் சொல்லணும்” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். பருத்திப்பட்டு என்ன, அமெரிக்காவா? நடந்தே போகலாம். அதனாலேயே தள்ளிப்போட்டோம். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்காரருக்கு ஓவர்டைம், மழை...

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். வேறு யாரோ கதவைத் திறந்தார்கள். “வித்துட்டுப் பூட்டாங்களே. புள்ளைக்கு வடக்க எங்கியோ வேலையாம்” என்றார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஏரிக்கரை வழியாகவே திரும்பி நடந்தோம்.

ஆண்டவனுக்கு நன்றியை எங்கிருந்து சொன்னாலும் கேட்டுவிடும் – மனுஷிக்குத்தான் பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.