உள்தாழ்ப்பாள் இருந்த ஒரே வீடு

திருவள்ளூர் ரயில்வே கேட்டை ஒட்டிய லைன் வீடுகளில் மணியம்மாளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. குடித்துவிட்டுக் கட்டையோடு வந்த அதே லைன் தேசப்பன் முன்னால் அவள் தலைவிரி கோலமாக நின்றாளாம். அங்காளம்மனே இறங்கிக் கண்ணில் தீப்பொறி பறந்ததாம். அவன் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் ஓடினானாம். அவ்வளவு தூரம் ஓடுகிறவனுக்குப் போதை எங்கே மிஞ்சும்? நடந்தது வேறு, கேளுங்கள்.

மணியம்மாளுக்கு ரைஸ் மில் களத்தில் நெல் துழாவுகிற வேலை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. மில்லில் கழித்துப்போட்ட பழைய கதவு ஒன்றை முதலாளியிடம் கெஞ்சி வாங்கித் தன் வீட்டுக்கு மாட்டியிருந்தாள். லைனிலேயே உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் இருந்த வீடு அதுதான். மற்றதெல்லாம் தகரமும் தட்டியும். ஓர் உதைக்குத் தாங்காது. வேலைக்குப் போகும்போது பூட்டமாட்டாள். திருட என்ன இருக்கிறது?

எழுபத்தொன்றில் சாராயக்கடை திறந்தார்கள். அதற்கப்புறம் பிள்ளைகள் அவள் வீட்டுக்கு ஓடிவர ஆரம்பித்தன. "மணியம்மாளுக்குப் புள்ளைங்கன்னா உசுரு" என்றது ஊர். பிள்ளைகளைக் கேட்டாலல்லவா தெரியும்! அதுகள் வந்தது தாழ்ப்பாளுக்கு. தேசப்பன் மகள் குணசுந்தரிக்கு ஒன்பது வயசு. அம்மாக்காரி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு இருட்டித்தான் வருவாள். அப்பன் செருப்பை வாசலில் விட்டால் குணா பேசாமல் சோறு தின்பாள். செருப்புக் காலோடு உள்ளே வந்தால் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

அன்றைக்கு மழை மிரட்டியதால் மணியம்மாள் களத்து நெல் முழுக்க வாரிக் குவித்துவிட்டு வந்தாள். முதுகு தனியாக, கால் தனியாகக் கழன்றிருந்தது. பாயில் விழுந்தால் போதும். கதவைத் தள்ளினாள், உள்ளே தாழ்.

"குணா, நான்தாண்டி. தொற."

"மாட்டேன்."

"அடியே, எங்கொரலு தெரியலியா?"

"தெரியுது. போன வாட்டி எங்கம்மா கொரலுதான் கூப்டுச்சு. தொறந்தேன். நைனா எங்கம்மா முடியப் புட்சிக்கினு பக்கத்துல நின்னுகினு இருந்தாரு."

பின்னால் காலடிச் சத்தம். தேசப்பன், கையில் சவுக்குக் கட்டை.

"நவுரு. எம் புள்ளைங்க உள்ளகீதுங்க."

நகரலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். கால் கேட்கவில்லை. கதவோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏந்திரு!"

"முடில தேசப்பா. காலையிலேர்ந்து நின்ன காலு. நீயே கையப் புட்சித் தூக்கி உடு."

கட்டை அவள் தலைக்கு மேலே கதவில் விழுந்தது. கதவு அசையவில்லை. உள்ளே தம்பிப் பயல் வீறிட்டான். யாரோ வாயைப் பொத்தியதுபோல் அதுவும் நின்றது. அந்தச் சத்தத்துக்குத்தான் லைன் சனம் வெளியே வந்தது.

"பொம்பள மேல கைய வெச்சித்தான் பாரேன்!" என்றாள் குப்பம்மாள், நாலு வீடு தள்ளி நின்றுகொண்டு.

தேசப்பன் கையை நீட்டினான். சனத்தைப் பார்த்தான். மடக்கிக்கொண்டான். கட்டையைப் போட்டுவிட்டுப் போய்க் குழாயடியில் படுத்தான். அவன் குறட்டை கேட்ட பிறகுதான் தாழ்ப்பாள் நகர்ந்தது.

மறுநாள் குப்பம்மாள் எலுமிச்சம்பழமும் வேப்பிலையுமாக வந்து, "தாயே, நேத்து உம்மேல அம்மன் வந்து நின்னாளே!" என்று காலில் விழப்போனாள்.

"த்தூ, ஏந்திருடி. அம்மனும் வர்ல, ஆத்தாளும் வர்ல. நான் எங்க நின்னேன்? குந்திகினு இருந்தேன். அந்தக் குட்டி மட்டும் தொறந்திருந்தா, மொத ஆளா உள்ள ஓடித் தாழ்ப்பா போட்டிருப்பேன்."