கழிவுப் பட்டியலில் ஏறிய பேய்கள்

எழுபதுகளின் கடைசியில் நான் காரைக்காலில் நூலகராக இருந்தேன். பாண்டிச்சேரியிலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒரு பீரோவையே கழிவுப் பட்டியலில் ஏற்றினார். உள்ளே இருந்தவை பழைய ஆங்கிலப் பேய் நாவல்கள்: பாழடைந்த கோட்டை, தானே திறக்கும் கதவு, செத்தும் அடங்காத பிரபு.

"மூடநம்பிக்கைக்கு கவர்மென்ட் பீரோ குடுக்கணுமாய்யா? எடைக்குப் போடுங்க."

கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய பிலோமினா மேடம் பதறிக்கொண்டு வந்தார். அவருடைய மாணவர்களுக்கு அந்த ஆண்டு அந்த நாவல்கள்தான் பாடம். ஊரில் வேறு பிரதி கிடையாது.

"சார், அந்தப் பேய் சும்மா பயமுறுத்த வரலைங்க. அண்ணனைக் கொன்னுட்டு ஒருத்தன் கோட்டைய புடுங்கிக்கிறான். சாட்சி சொல்ல உயிரோட ஆளில்ல. அதான் செத்தவனே வர்றான்."

"அந்தச் சாட்சி நம்ம கோர்ட்ல செல்லாதும்மா" என்று சிரித்தபடி அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

நான் படிவத்தின் கடைசிக் கட்டத்தைக் காட்டினேன். கழிக்கும் நூல்களில் ஒன்றையாவது படித்துப் பார்த்ததாக அதில் சான்று தர வேண்டும். என் சர்வீஸில் நூலைப் படித்துவிட்டு அந்தக் கட்டத்தை நிரப்பியவர் எவருமில்லை.

"இது வேறயா? குடுங்க, ரூமுக்கு எடுத்துட்டுப் போறேன்."

மேலே இருந்ததைக் கொடுத்தேன். அது மூன்று பாகங்களில் முதலாவது என்பதைச் சொல்லவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மறுநாள் நான் பூட்டைத் திறக்கும்போதே அதிகாரி வாசலில் நின்றார்.

"அந்தத் தெக்குப் பக்கத்து ரூம்ல வெளக்கு எரியுதே, அது பேயா, ஆளாய்யா?"

"மூணாம் பாகத்துலதான் தெரியும் சார்."

"எடுங்க."

"கழிவுப் பட்டியல்ல ஏறின புஸ்தகத்தை இரவல் தர விதி இல்லைங்க. கையெழுத்தும் உங்களுதுதான்."

என்னை முறைத்தார். சீக்கிரமே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேடம் விடவில்லை. "பேய்ல நம்பிக்கை இல்லேன்னீங்களே சார்?"

"இப்பவும் இல்லம்மா. தெரிஞ்சாகணும், அவ்வளவுதான்."

பட்டியல் முழுவதையும் குறுக்கே அடித்து, 'ரத்து' என்று எழுதி, தேதியிட்டு, முத்திரையும் குத்தினார். பிறகே இரண்டு பாகங்களையும் கொடுத்தேன், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. மூன்றாம் நாள் எல்லாம் திரும்பி வந்தன. அடுத்த வாரமே மேடத்தின் வகுப்புக்குப் போயின.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன். பேயை நம்பாதவனுக்கும் கதவுக்குப் பின்னால் யார் என்று தெரிந்தாக வேண்டும். அந்தப் பழைய நாவலாசிரியர்கள் அதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். நான் தெரிந்துவைத்திருந்தது, படிவத்தின் கடைசிக் கட்டம். இரண்டும் சேர்ந்து ஒரு பீரோவைக் காப்பாற்றின.