மூக்கைத் தூக்கிய கார்

தங்கச்சியின் கலியாணத்துக்கு முந்திய வாரம்தான் நான் காரின் முன்பக்கத்தைக் கழற்றினேன். புத்தியுள்ளவர்கள் செய்கிற வேலையா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் கலியாணப் பொம்பிளையை மாதா கோவிலுக்கு ஏற்றிக்கொண்டு போகிற கார், வழியில் ஒவ்வொரு குழிக்கும் தவளை மாதிரித் துள்ளலாமா? துள்ளலை அடக்குகிற ஷொக் இரண்டும் எண்ணெய் கக்கிக்கொண்டிருந்தன. ரப்பர்கள் வெடித்துப் போயிருந்தன. நான் வேலை செய்வது துறைமுகத்துக்குப் பக்கத்தில், படகு எஞ்சின் சாமான்கள் விற்கும் கடையில். விடிந்தால் பொழுதுபட்டால் நட்டும் போல்ட்டும்தான். இதைக் கழற்றிப் பூட்ட எனக்கு எதற்குக் கராச் என்று நினைத்தேன்.

தங்கச்சிக்கும் எனக்கும் நிறைய வயது வித்தியாசம். அப்பா போனபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. கலியாணம் பேசி முடித்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

“அக்கா, அப்பா இருந்திருந்தா அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். அவர் இல்லை. நீங்கள்தான் கார் ஓட்டவேணும். பின்னுக்கு நான், முன்னுக்கு நீங்கள். வேற ஒருத்தரும் வேண்டாம்.”

கலியாணம் முடிந்த கையோடு அவள் மன்னாருக்குப் போகிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. நாங்கள் இருக்கிற திருகோணமலை இலங்கையின் இந்தக் கரை என்றால் மன்னார் மற்றக் கரை. நினைத்தவுடன் ஓடிப்போய்ப் பார்க்கிற தூரமா? அதனால் வீட்டிலிருந்து கோவில் வரைக்குமான அந்தப் பயணத்தை ஒருத்தருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் வீட்டு வளவில் வேலையைத் தொடங்கினோம். எங்கள் வளவு முழுக்கக் கடல்மணல். காரைத் தூக்குகிற ஜக்குக்குக் கீழே பலகை போட்டு, காரின் முன்பக்கத்தை உயர்த்தி, தென்னங்குற்றிகளில் நிறுத்தினோம். என் மனுசன் சம்பூர்க்காரர், பொறுமைசாலி. ஸ்பானர் கேட்டால் ஸ்பானர் தருவார். நான் கோபப்பட்டால் தேத்தண்ணி தருவார். அன்றைக்கு நான் குடித்த தேத்தண்ணியில் ஒரு தோணி விடலாம். பழைய ஷொக்கைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, சில்லைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கைகளுக்குப் புது ரப்பர் போட்டு, ஸ்பானரில் ஒரு குழாயைச் செருகி முறுக்கினேன் பாருங்கள், அந்த நட்டுகள் என்னை வாழ்நாளில் மறக்காது. சில்லுகள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் இறுக்கி முடித்தேன். காரைக் கீழே இறக்கிவிட்டால் அந்த மணலில் அதற்கடியில் எலிகூட நுழைய முடியாது. வேறு வழி?

ஒழுங்கையின் முதல் மேட்டில் ஏறி இறங்கியபோதே கேட்டது. ‘கீ...ர்ர்ர்க்.’ பழைய கதிரையில் தடித்த ஆள் குந்தியது மாதிரி ஒரு முனகல். படலையடியில் நின்ற அம்மாவுக்கும் கேட்டுவிட்டது.

“உதென்ன சத்தம்? கோதாரி! இந்தச் சத்தத்தோடயே பொம்பிளையைக் கொண்டுபோகப் போறாய்? சனம் வாயால சிரிக்காது பிள்ளை. நான் சந்திக் கடைக்காரரிட்ட அந்த வெள்ளைக் காருக்குச் சொல்லப்போறன்.”

“சும்மா இருங்கோ அம்மா. நான் சத்தத்தைப் பிடிச்சுத் தாறன்.”

“வியாழக்கிழமை பின்னேரம் வரைக்கும் பாப்பன். அதுக்குப் பிறகு என்னோட கதைக்கக் கூடாது.”

திங்கட்கிழமை கராச்சுக்குப் போன் எடுத்தேன். அடுத்த கிழமைதான் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கிழமை கலியாணப் பலகாரமும் முடிந்திருக்கும்.

வேலை விட்டு வந்ததும் ஒவ்வொரு பின்னேரமும் சத்தம் தேடப் புறப்பட்டோம். முதலில் காருக்குள் இருந்த குடை, தண்ணீர்ப் போத்தல், பழைய செருப்பு எல்லாவற்றையும் இறக்கினேன். சத்தம் போகவில்லை. கோட்டைக்குப் போகிற வழியில் எங்கள் ஊர் மான்கள் நடுவீதியில் நின்று, இது தங்கள் பாட்டன் வீட்டு வீதி என்பது போல என்னைப் பார்த்தன. சடாரென்று பிரேக் பிடித்தேன். சத்தமே இல்லை. சரி, பிரேக் இல்லை. ஸ்டியரிங்கை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் முழுதாக வெட்டினேன். சத்தமில்லை. சரி, அதுவும் இல்லை. மேட்டில் ஏறினால் மட்டும் முனகல். மனுசனை இறக்கிவிட்டு, முன்சில்லுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு கூடவே ஓடிவரச் சொன்னேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மனுசன் குனிந்தபடி ஓடியதைப் பார்த்து, கடற்கரையில் பந்தடித்த பெடியள் விசில் அடித்தார்கள்.

“ரெண்டு பக்கமும்தான் கத்துது. கீழயிருந்து வருது,” என்றார் மூச்சு வாங்க. “ஷொக் இல்லை எண்டு நினைக்கிறன்.”

“உங்களுக்கென்ன தெரியும்?” என்று எரிந்து விழுந்தேன். அவர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி வைத்தார். அம்மா தன் பங்குக்குத் தீர்த்தம் கொண்டுவந்து பொனட்டில் தெளித்தார். காரோ மேட்டுக்கு மேடு முனகிக்கொண்டேயிருந்தது.

புதன்கிழமை பின்னேரம் நான் காரை உள்ளே எடுக்கும்போது, முகமெல்லாம் கடலைமாவும் மஞ்சளுமாகத் தங்கச்சி படலையைத் திறந்துவிட்டாள்.

“அக்கா, கவனிச்சீங்களோ? முந்தி படலையடிக் கல்லில கார் அடி உரசித்தான் வரும். இப்ப உரசேல்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டெல்லோ வருது.”

“புது ஷொக் எண்டாச் சும்மாவா?” என்று பெருமையாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். இரண்டாம் வாய்ச் சோற்றைப் பிசையும்போதுதான் உறைத்தது. ஷொக் என்பது துள்ளலை அடக்கத்தான். காரைத் தூக்கிப் பிடிப்பது கம்பிச் சுருள். அதை நான் மாற்றவேயில்லை. அப்படியானால் காரின் மூக்கைத் தூக்கிப் பிடிப்பது எது?

ரப்பர்! சில்லு தொங்கிய நிலையில் ரப்பரை இறுக்கிவிட்டேன். காரை இறக்கியதும் இரும்புக் கை மேலே போகப் பார்த்திருக்கிறது. என் குழாய்முறுக்கு விடவில்லை. ரப்பர் முறுகி, காரைத் தூக்கிக்கொண்டு, மேட்டுக்கு மேடு அழுதிருக்கிறது. கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு நட என்றால் மனிசரும் முனகுவார்கள்தானே. தாங்க முடியாமல் சோற்றுக்கோப்பையோடு எழும்பித் துள்ளி, என்னையே திட்டினேன்.

“விசரி! விசரி!”

“ஆருக்கடி விசர்?” என்று குசினிக்குள்ளிருந்து அம்மா கேட்டார்.

“எனக்குத்தான் அம்மா! வேற ஆருக்கு?”

செய்ய வேண்டியது இலேசுதான். கார் தன் சில்லில் நிற்கும்போது அந்த நட்டுகளைத் தளர்த்தி, திரும்ப இறுக்கவேண்டும். ஆனால் நிற்கிற காருக்குக் கீழே ஆள் போவது எப்படி? மனுசன் கொஞ்ச நேரம் வளவைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்தார்.

வியாழன் காலையில் லீவு போட்டோம். காரை வெளியே விட்டுவிட்டு அவர் வெட்டத் தொடங்கினார். அப்படி வேகமாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. மண் சரியாமல் ஓரங்களுக்குப் பலகையும் தென்னங்குற்றியும் கொடுத்தார். இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்து வளவில் குடியிருக்கும் கிண்ணியா நானா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“என்ன மச்சான், திரும்பவும் பங்கரா?”

மண்வெட்டி நின்றது. சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வரும்வரைக்கும் என் மனுசன் சண்டைக் காலத்தில் ஷெல்லுக்கு ஒளிய எத்தனை பங்கர் வெட்டியிருப்பாரோ, அதைப்பற்றி அவர் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

“ஓம் நானா,” என்றார் அவர் நிமிர்ந்து. “இந்தமுறை காருக்கு.”

அப்போதுதான் நான் குழியைச் சரியாகப் பார்த்தேன். இறங்கப் படி வெட்டியிருந்தார், அது சரி. ஆனால் குழி நேராகப் போய், முடிவில் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. பங்கருக்குத்தான் அப்படித் திருப்பம் வைப்பார்கள், ஷெல் சிதறல் உள்ளே வராமல்.

“இஞ்சேருங்கோ, காருக்கு எதுக்கு முடக்கு? ஷெல் வரப்போகுதோ?”

அவர் குனிந்து தன் குழியைப் பார்த்தார். அந்த முடக்கைக் கையால் தடவினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். “எனக்கு வெட்டத் தெரிஞ்ச குழி இது ஒண்டுதான்,” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரவாங்கில் குந்திவிட்டார். நானா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மனுசனை இன்னும் ஒருமுறை கட்டலாம்போல இருந்தது.

முடக்கை மண் போட்டு மூடி, இரண்டு பக்கமும் பலகை போட்டு, நானாவும் கைகொடுக்கக் காரைக் குழிக்கு மேலே உருட்டி, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்தோம். பாரத்துக்கு அம்மாவை முன்சீட்டில் ஏற்றினோம். அவர் செபமாலையும் கையுமாக உள்ளே போனார். நான் குழிக்குள் இறங்கி, முதல் நட்டைத் தளர்த்தினேன். ‘டொக்.’ காரின் மூக்கு எனக்கு மேலே மெல்ல அமர்ந்தது.

“மாதாவே!” என்று அம்மா கத்தினார்.

“மாதா இல்லை அம்மா, நான்!” என்று கீழேயிருந்து கத்தினேன். மற்றப் பக்கமும் தளர்த்தினேன். மஞ்சள் முகத்தோடு தங்கச்சி பொனட்டை அமத்தி அமத்திக் காரை ஆட்டினாள். எல்லாம் தன்பாட்டில் அமர்ந்த பிறகு திரும்ப இறுக்கினேன். அன்று பின்னேரம் அம்மாவையே பக்கத்தில் இருத்திக்கொண்டு ஒழுங்கை மேடுகள் எல்லாவற்றிலும் ஏற்றி இறக்கினேன். ஒரு முனகல் இல்லை. அம்மா கடைசிவரைக்கும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டுதான் வந்தார். வெள்ளைக் காரைப் பற்றிப் பிறகு ஒரு கதையும் இல்லை.

சனிக்கிழமை, அம்மாவும் மனுசனும் ஓட்டோவில் முன்னுக்குப் போனார்கள். பின்சீட்டு முழுக்கத் தங்கச்சியும் அவள் வெள்ளை நெற் முக்காடும். கார் மேடுகளில் ஏறி இறங்கியது தெரியவில்லை. அவளுடைய காப்புச் சத்தமும், மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் எனக்குத் தெளிவாகக் கேட்டன. வழி இவ்வளவு கிட்டவா என்றிருந்தது. கோவில் வாசல் தெரிந்தது. சனம் எங்களைக் கண்டு ஒதுங்கி வழிவிட்டது.

“அக்கா, நிப்பாட்டாதீங்கோ.”

“என்னடி? பயமா?”

“பயமில்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கோ.”

ரிபன் கட்டிய காரோடு கோவில் வாசலைத் தாண்டிப் போனேன். சனம் வாயைப் பிளந்தது. அடுத்த நிமிடமே போன் அடித்தது. மனுசன்தான். தங்கச்சி எடுத்து என் காதில் வைத்தாள்.

“என்ன, கார் பழுதோ?”

“பழுதில்லை. நல்லா ஓடுது. துறைமுகப் பக்கம் ஒரு சுற்றுப் போட்டு வாறம். அம்மாட்டச் சொல்லுங்கோ.”

போனுக்குள் அம்மா எதையோ கத்துவது கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கியரைக் குறைத்து, என்னால் முடிந்த அளவு மெதுவாக ஓட்டினேன்.