லாடம் தேயும் தெரு

கல்யாணமாகி நான் நாஞ்சில் நாட்டிலிருந்து இந்த மலையாளப் பட்டணத்துச் சாலைக் கடைத்தெருவுக்கு வந்தபோது அங்கே தார் கிடையாது. செம்மண். மழை பெய்தால் வண்டித்தடத்தில் தண்ணீர் சிவப்பாக நிற்கும். இப்போது தார் போட்டிருக்கிறார்கள். மத்தியானம் காலை வைக்க முடியாது.

எங்கள் வீடு தெருவை ஒட்டிய சந்தில். என் வீட்டுக்காரருக்கு அரிசிக் கடையில் வேலை. சந்து முக்கில் நின்றால் எதிரே வண்டிப்பேட்டை. நாஞ்சில் நாட்டிலிருந்து அரிசி கொண்டுவரும் வண்டிகளை அங்கேதான் அவிழ்ப்பார்கள். ஒரு கல்தொட்டி, வைக்கோல், சாணி, ஈ. புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது பிறந்த வீட்டுத் தொழுவத்து வாசனை.

அந்த வண்டிகளில் ஒன்று என் அண்ணனுடையது. கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான்.

விடிகிற நேரத்துக்கு வண்டிகள் வரிசையாக வரும். அண்ணனுடைய வலது காளையின் கழுத்தில் ஒரு உடைந்த மணி. சத்தம் கரகரவென்று இருக்கும். "அண்ணன் கரமனைப் பாலம் தாண்டியாச்சு" என்பேன். வீட்டுக்காரர் சிரிப்பார்.

"கரமனை எங்க கெடக்கு, சாலை எங்க கெடக்கு? உனக்கென்ன பாம்புச் செவியா?"

அதற்குள் நான் உலையில் அரிசி போட்டிருப்பேன். பல நாள் அது வேறு யாருடைய வண்டியாகவோ இருக்கும். சோறு மிஞ்சும்.

அண்ணன் வரும்போது கையில் ஏதாவது இருக்கும். வெள்ளரிக்காய், மட்டிப்பழம், வாடிப்போன ஒரு கட்டுக் கீரை. அம்மா இருந்தவரை அம்மா கொடுத்தனுப்பினாள். அம்மா போன பிறகு அவனே பறித்துக் கொண்டுவந்தான். கேட்டால், "வழியில கெடந்து" என்பான்.

மூட்டை இறக்கி முடிய வெயில் ஏறிவிடும். வெயிலில் காளையைப் பூட்டமாட்டார்கள். சாயங்காலம்வரை அவன் எங்களோடு. சின்ன வெங்காயம் போட்டு உள்ளித் தீயல் குழம்பு வைப்பேன். இரண்டு தடவை சோறு வாங்குவான். பேச்சு அதிகம் கிடையாது. எங்கள் வீட்டில் யாருக்குமே கிடையாது. யார் வீட்டுப் பசு கன்று போட்டது, எந்தக் குளம் நிறைந்தது, அவ்வளவுதான். எனக்கு அது போதும். சாப்பிட்டுவிட்டு வண்டிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்குவான். நான் சந்து முக்கில் நின்று பார்ப்பேன். அவனுடைய கால் மட்டும் வெளியே தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. அப்பா அம்மா போன பிறகு பெண் தானாகப் பிறந்த வீட்டுக்குப் போகக்கூடாது. அண்ணனோ தம்பியோ வந்து அழைத்துப் போகவேண்டும். கல்யாணம், சாவு என்றால் அழைத்துப் போனான். மற்றபடி அண்ணன் இங்கே வருவதுதான் எனக்கு ஊர்.

பேட்டையில் ஒருவர் காளைக்கு லாடம் அடிப்பார். கயிறு போட்டுக் காளையைச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவி, இரும்புத் தகட்டை வைத்து ஆணி இறக்குவார். புது லாடம் அடித்த காளையை அன்றைக்கு வண்டியில் பூட்டமாட்டார்கள். அதற்குள் அன்றைய வண்டிக்கூட்டம் போய்விடும். அந்த வழியில் தனி வண்டியாக யாரும் போவதில்லை. மறுநாள் கூட்டத்தோடுதான் போகவேண்டும்.

இதைக் கவனித்து வைத்திருந்தேன். ஒருநாள் லாடக்காரருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, எங்க அண்ணனுக்க காளைக்கு லாடம் தேஞ்ச மாதிரி இருக்கு."

அவர் மோரைக் குடித்தார். காளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பின்னே? நல்லா தேஞ்சாச்சு தங்கச்சி. வலத்தங்கால்."

"ரெண்டு காலும் இல்லியா?"

"இன்னைக்கு ஒண்ணு போரும். மத்தது அடுத்த தடவைக்கு இருக்கட்டு."

அப்படி வருஷங்கள் ஓடின. பழைய தகட்டையே கழற்றித் தட்டித் திருப்பி அடிப்பார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் ஒன்றும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, தீயலைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"ஏட்டி, எனக்க மாட்டுக்குத் தக்கலையில லாடம் தேயல்ல. பாறசாலையில தேயல்ல. உனக்க தெருவில வந்து நின்னாத்தான் தேயுது. இங்க மண்ணில அரமா கெடக்கு?"

"நான் என்ன கண்டேன்?"

"செரி, சோறு போடு."

தெரு ஒரே நாளில் மாறவில்லை. மண்ணெண்ணெய் விளக்குப் போய் மின்சார விளக்கு வந்தது. ஓலைக் கடைகள் ஓடு போட்டன. ஓட்டுக் கடைகள் மாடி எடுத்தன. தம்பானூருக்கு ரயில் வந்தது, பார்க்கப் போனோம். என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வீட்டுக்குள்ளும் மலையாளம் பேசினார்கள். மாமன் வந்தால் அவனைப்போலவே இழுத்துப் பேசிக் காட்டுவார்கள். "கொள்ளாம்டே" என்று அவன் சிரிப்பான். இது எதுவும் என்னைத் தொடவில்லை. பிறகு லாரி வந்தது.

எல்லோருக்கும் சந்தோஷம்தான். "இனி உனக்கு ஊர் பக்கமாச்சு" என்றார் வீட்டுக்காரர். "காலையில ஏறினா மத்தியானத்துக்குள்ள எத்திரலாம். மச்சான் நெனச்ச நேரம் வருவாரு பாரு."

நானும் நம்பினேன்.

அண்ணன் காளைகளை விற்றான். அரிசி முதலாளியின் லாரியில் மூட்டைக்குத் துணையாக ஏறிக்கொண்டான். முன்பைவிட அடிக்கடி வந்தான். வந்தான், போனான். மூட்டை இறங்கும்வரைதான். லாரிக்கு வெயில் கிடையாது. தண்ணீர் காட்டவேண்டாம். படுத்து அசைபோடவேண்டாம். டிரைவர் ஹாரன் அடிப்பான். நான் இலையில் சோறு கட்டிக்கொண்டு ஓடுவேன். அண்ணன் மேலே இருந்தபடி குனிந்து வாங்கிக்கொள்வான். அதை எங்கே வைத்துச் சாப்பிட்டான், இரண்டாம் தடவை சோறு வேண்டியிருந்ததா, எனக்குத் தெரியாது.

வண்டிப்பேட்டையைச் சுற்றிச் சுவர் எழுப்பி மூட்டை அடுக்க அரிசிக் கிட்டங்கி கட்டினார்கள். கல்தொட்டியை உடைத்து அஸ்திவாரத்தில் போட்டார்கள். லாடக்காரர் எங்கள் சந்து முக்கில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். தேய்ந்த லாரி டயரை அறுத்துச் செருப்பு செய்யத் தொடங்கினார்.

"மாட்டுக் காலு போச்சு. மனுசக் காலு இருக்கே தங்கச்சி" என்றார்.

சீமையில் சண்டை வந்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை. லாரியின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். ஒரு ஆள் நின்று கைப்பிடியைச் சுற்றிக் காற்று கொடுக்கவேண்டும். அடுப்பு பிடித்தால்தான் வண்டி நகரும். சண்டை எதற்கு என்று எனக்குத் தெரியாது. அந்த அடுப்பு சீக்கிரம் பிடிக்கக்கூடாது என்று மட்டும் கும்பிட்டிருக்கிறேன். மழைநாளில் கரி ஈரமாக இருந்தால் அண்ணன் உள்ளே வந்து காப்பி குடிப்பான். உட்காரமாட்டான். காது தெருவில் இருக்கும்.

அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. லாரிமேல் ஏறுவதற்கு முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பான்.

ஒரு தடவை மூட்டை இறக்கியாயிற்று. அடுப்பும் பிடித்துவிட்டது. நான் இலைப்பொட்டலத்தோடு நின்றேன். அண்ணன் ஏறவில்லை. ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சந்து முக்கில் நின்றான்.

டிரைவர் கத்தினான். "பெரியவரே, கேறும்! அடுப்பு அணைஞ்சு போவும்."

"வார் அறுந்து போச்சு."

"லாரிக்கு மேல இருக்கப்போற ஆளுக்குச் செருப்பு என்னத்துக்கு?"

"வெறுங்காலோட எப்பிடிடே வருவேன்? நீ போ. நான் நாளைக்கு வாற லாரியில வாறேன்."

ஆயுசில் பாதி வெறுங்காலோடு காளைக்குப் பக்கத்தில் நடந்தவன் அவன். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு போனான்.

அண்ணன் செருப்பை லாடக்காரர் முன்னால் போட்டான். அவர் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். வார் தேய்ந்து அறுந்ததல்ல. கத்தி போட்டதுபோல் நேராக இருந்தது.

லாடக்காரர் அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நல்லா தேஞ்சாச்சு" என்றார். "புது வார் போட்டுத் தாறேன். ஆனா ஓய், இன்னைக்கு இதப் போட்டு நடக்கப்பிடாது, கேட்டீரா? நாளைக்குத்தான்."

"ரெண்டுக்கும் போடும்."

"ஒண்ணு போரும். மத்தது அடுத்த தடவைக்கு இருக்கட்டு."

நான் பொட்டலத்தை உள்ளே கொண்டுபோனேன். புதிதாக உலை வைத்தேன். வீட்டில் உள்ளி இருந்தது.

அண்ணன் இரண்டு தடவை சோறு வாங்கினான். கை கழுவிவிட்டுப் பழக்கத்தில் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பேட்டை இருந்த இடத்தில் கிட்டங்கிச் சுவர். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்து எங்கள் நடையில் படுத்தான். அடுக்களையிலிருந்து பார்த்தால் கால் மட்டும் தெரிந்தது. நான் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவினேன்.

மறுநாள் லாரியில் ஏறிப் போனான்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அண்ணன் ஊரில் இறந்துபோனான். ஆள் வந்து சொன்னான். அழைத்துப் போக இனி யாரும் இல்லை. நானும் வீட்டுக்காரரும் பஸ் ஏறினோம். காலையில் ஏறி மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். அவர் அன்றைக்குச் சொன்னது சரிதான்.

நடையோரம் அவன் செருப்பு கிடந்தது. ஒன்றில் புது வார். மற்றதில் பழையது. அது தேயவே இல்லை.