இல்லன்னா விடுங்க

தோ மல்சுன் எதையும் லேசில் நம்பிவிட மாட்டாள். தர்பூசணி வாங்கப் போனால் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டிக் காட்டச் சொல்லுவாள். சிவப்பாக இருந்தால், அந்தப் பக்கம் மட்டும்தான் சிவப்பு என்று மறுபக்கமும் வெட்டச் சொல்லுவாள். முழுக் கம்பளி என்று எழுதிய கோட்டு வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டி முகர்ந்து பார்ப்பாள். பஸ் ஓட்டுகிற கணவர் தாமதமாக வீட்டுக்கு வந்தால் அவர் சட்டைக்கும் அதே மரியாதைதான், தீக்குச்சி மட்டும் கிடையாது. பாவம் நல்ல மனுஷன். இத்தனை வருஷத்தில் பூண்டு வாசனையைத் தவிர அவளிடம் வேறு எதுவும் சிக்கவில்லை.

இந்தக் குணம் சும்மா வந்ததில்லை. சிறு வயதில் அவள் குரோ தொழிற்பேட்டையில் ஒரு துணி ஆலையில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு மேல் அங்கே சுவர்க்கடிகாரம் நகரவே நகராது. களைப்பில் அப்படித் தோன்றுகிறது என்று மற்றப் பெண்கள் நினைத்தார்கள். மல்சுன் மட்டும் அண்ணனின் கைக்கடிகாரத்தை உள்பாவாடையில் முடிந்துகொண்டு போய் ஒப்பிட்டுப் பார்த்தாள். அவள் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது: வேலை நேரத்தை இழுக்கக் கடிகாரத்தை வேண்டுமென்றே மெதுவாக ஓட விட்டிருந்தார்கள். அதை வாய்விட்டுச் சொன்னதும் வேலையும் போயிற்று. அன்றிலிருந்து சந்தேகம் அவளுக்கு ஒரு கௌரவம்.

பிறகு பூப்யோங் பாதாளக் கடைத்தெருவில் துணி ஆல்ட்டர் செய்யும் கடை போட்டாள். ஒரு தையல் மெஷின், துணி ஓரம் அடிக்கிற ஓர் ஓவர்லாக் மெஷின், ஓர் இஸ்திரி மேஜை, அவள் உட்கார்ந்தால் நிறைந்துவிடுகிற இடம். பாட்டு இல்லாமல் அவளுக்குக் கை ஓடாது. தரைக்குக் கீழே ரேடியோ வெறும் கரகரப்பு. டேப் வைத்தால் ஓவர்லாக் அதிர்கிற அதிர்வில் பாடுகிறவர் குரல் நடுங்கி அழும். அழுகைப் பாட்டுக்குப் பரவாயில்லை, குத்துப் பாட்டுக்கு என்ன செய்வது? சி.டி. போட்டாள். அது பாதிப் பாட்டில் விக்கல் எடுத்துத் துள்ளியது.

அந்த வருஷம்தான் கைக்கு அடக்கமான அந்தப் புது ரகப் பெட்டிகள் ஊரெல்லாம் வந்திருந்தன. உள்ளே டேப்பும் இல்லை, தட்டும் இல்லை, சுற்றுகிற சாமான் எதுவுமே இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து பாட்டை இறக்கிக்கொண்டால் போதும். உருவத்தைப் பார்த்து ஒன்றுக்குச் சோப்பு என்று பெயர் வைத்தார்கள், அதன் போட்டிக் கம்பெனிக்காரனுடையதற்குத் தீப்பெட்டி. நிஜப் பெயர்களைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க நான் தயாராக இல்லை. சுற்றுகிற சாமான் இல்லாமல் எப்படிப் பாடும் என்று மல்சுன் விற்கிற பையனைப் போட்டு வறுத்தெடுத்தாள். பெட்டியைக் கடைக்கு எடுத்துவரச் செய்து, ஓவர்லாக் மேலேயே வைத்து, ஒரு ஜீன்ஸ் முழுக்க ஓரம் அடித்து முடித்த பிறகுதான் சோப்பை வாங்கினாள்.

பக்கத்தில் காலுறை விற்கிற பியோங்ஹோ அம்மா கேட்டாள், "அடியே, கடை வாடகையையா காதுல மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கே?"

"வாடகை பாட்டுப் பாடுமா? இது பாடுது."

வாங்கியவர்கள் கருத்து எழுதுவதற்கென்றே இன்டர்நெட்டில் ஒரு பக்கம் இருப்பதாக விற்ற பையன் சொல்லியிருந்தான். மதியச் சாப்பாட்டு வேளையில் கிம்பாப் என்கிற சோற்றுச் சுருள் பொட்டலத்தோடு படியேறி மேலே இருக்கிற பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் இளவட்டங்கள் விளையாட்டில் ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளிக்கொண்டிருக்க, நடுவில் இவள் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாள். 'தையல்மெஷின்' என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

அவள் எழுதியதில் முக்கால்வாசி வசவுதான். ஒரு பேட்டரிக்கு இவ்வளவு நேரம் பாடும் என்று அட்டையில் போட்டிருப்பது பச்சைப் பொய். இயர்போன் ஒயர் குட்டையாக இருக்கிறது, குனிந்தால் காதைப் பிடுங்குகிறது. இடுப்பில் மாட்டுகிற கொக்கி ஒரு வாரத்தில் உடைந்தது. கடைசியாக ஒரு வரி: 'ஆனால் ஒன்று. பூப்யோங் பாதாளக் கடைத்தெருவில் ஆல்ட்டர் கடை வைத்திருக்கிறேன். ஓவர்லாக் ஓடுகிற மேஜையில் வைத்தாலும் பாட்டு துள்ளவில்லை.'

வசவை ஒருத்தரும் சீண்டவில்லை. கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார்கள். 'நடுநிலை' என்ற பெயரில் எழுதுகிற ஆள் முதலில் வந்தான்: 'ஆல்ட்டர் கடை அஜும்மா இந்த விலைக்குப் பாட்டுப் பெட்டி வாங்கினாராம். வாங்கி, இங்கே வந்து கருத்தும் எழுதினாராம். நாலு குறை சொல்லி ஒரு நிறை சொல்வது பழைய தந்திரம். அடுத்த மாதச் சோப்பு விளம்பரத்தில் தையல் மெஷின் வருகிறதா இல்லையா பாருங்கள். அல்பா. இல்லன்னா விடுங்க.'

அஜும்மா என்றால் நடுவயதுப் பெண்மணி. அல்பா என்றால் பகுதிநேரக் கூலி வேலை, அவ்வளவுதான். காப்பிக் கடையில் கோப்பை கழுவுகிற காலேஜ் பிள்ளையும் அல்பாதான். ஆனால் இந்தக் கருத்துப் பக்கங்களில் அதற்கு வேறு பொருள்: கம்பெனியிடம் கூலி வாங்கிக்கொண்டு, வாங்கியவர் போல வேஷம் கட்டி எழுதுகிற ஆள். நம் காதில் அது 'அல்பம்' என்று விழுகிறது. வசவு என்ற அளவில் தப்பாக விழவில்லை.

அதைவிட மோசமானது அந்த 'இல்லன்னா விடுங்க'. ஒருத்தர் முகத்தில் சேற்றை அள்ளி வீசிவிட்டு, சேறு இல்லையென்றால் துடைத்துக்கொள்ளுங்கள் என்று கையை உதறிவிட்டுப் போகிற பேச்சு. பேச்சுவழக்கில் எல்லாருக்கும் வாய்ப்பழக்கம்தான். இந்த ஆளோ எந்தக் கருத்தை எழுதினாலும் அதில்தான் முடித்தான்.

மல்சுன் பதில் எழுதினாள். தன் கடை நிஜம், மெஷின் நிஜம் என்று நீளமாக எழுதினாள். 'இவ்வளவு எழுத ஒரு தையல்காரிக்கு ஏது நேரம்?' என்று கேட்டான் நடுநிலை. அடுத்த நாள் சுருக்கமாக எழுதினாள். 'பதில் சொல்ல முடியவில்லை பாருங்கள்' என்றான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் வாயைத் திறந்தால் அல்பா, மூடினாலும் அல்பா.

அவளுக்கு நெஞ்சு கொதித்தது. உலகத்தைச் சந்தேகப்படுவது அவள் உரிமை. அவளை உலகம் சந்தேகப்பட்டதே இல்லை. கல்யாணப் பட்டுப் பாவாடையைக்கூட ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளாமல் அவளிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். 'வியாழக்கிழமை' என்றால் வியாழக்கிழமை, 'தடம் தெரியாது' என்றால் தெரியாது. அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்தச் சொல்தான். முகம் தெரியாத எவனோ அதைக் கால்மிதியாக்கிவிட்டான். ஒரு தடவையாவது, யாராவது ஒருத்தர், 'அந்த அம்மா சொன்னது உண்மை' என்று அங்கே எழுதிவிட வேண்டும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

கூடவே சந்தேகமும் ஊரெல்லாம் மேய்ந்தது. சோப்பை விற்ற பையனா? எதிர்வரிசை செல்போன் கடைக்காரனா? ஒருநாள் பியோங்ஹோ அம்மாவையே பிடித்துக்கொண்டாள்.

"நிஜத்தைச் சொல்லு, நீதானே அந்த நடுநிலை?"

"எனக்குக் கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் திறக்கணும்னே தெரியாதுடி!"

"தெரியாத மாதிரி நடிக்கிறவங்கதான் ஜாஸ்தி."

பியோங்ஹோ அம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

குளிர் இறங்கத் தொடங்கிய ஒரு நாள் முற்பகல், முப்பது வயசு மதிக்கத்தக்க ஒருவன் கடைமுன் வந்து நின்றான். உள்ளே வராமல் போர்டைப் பார்த்தான், இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தான், ஓவர்லாக்கைப் பார்த்தான். மல்சுன் அன்றைய வசூலை மெல்லத் தன் மடிப்பக்கம் இழுத்துக்கொண்டாள். திருடனா, வரி ஆபீஸ் ஆளா என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

"என்ன வேணும்?"

அவன் பஞ்சு வைத்த கனமான ஜாக்கெட் ஒன்றை நீட்டினான். "இந்த நெஞ்சுல இருக்கற எம்பிராய்டரியைப் பிரிக்கணும் அக்கா."

ஆபீஸ் ஆட்களுக்குக் கம்பெனி தருகிற ஜாக்கெட். நெஞ்சில் நீல நூலில் தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்.

"நல்லாத்தானே இருக்கு, ஏன் பிரிக்கணும்?"

"வேலையை விட்டுட்டேன். நாளைலேர்ந்து பார்சல் கொண்டுபோற வேலை. குளிருக்கு இது ஒண்ணுதான் இருக்கு. ஊர் பூரா அவங்க பேரைச் சுமந்துகிட்டு அலையணுமா?"

"விட்டீங்களா, விரட்டினாங்களா?"

"ரெண்டும்தான்."

"அங்கே என்ன வேலை?"

"விளம்பரப் பிரிவு." தலையைச் சொறிந்தான். "இன்னைக்கே முடிஞ்சா நல்லா இருக்கும். இல்லன்னா விடுங்க."

மல்சுனின் கை ஊசியோடு அப்படியே நின்றது. ஊரில் பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்கிற பேச்சுதான், தெரியும். ஆனாலும் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஓவர்லாக் பக்கத்தில் கிடந்த சோப்பையே வெறித்துக்கொண்டிருந்தான். காது மடல் இரண்டும் சிவந்துபோயிருந்தன.

"விளம்பரப் பிரிவுல உட்கார்ந்து என்ன எழுதினீங்க?" என்றாள் மல்சுன். குரலை உயர்த்தவில்லை. "நடுநிலையா ஏதாச்சும்?"

அவன் ஓடிவிடுவான் என்று நினைத்தாள். ஓடவில்லை. வாடிக்கையாளருக்கு வைத்திருந்த வட்ட நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"இப்படி ஒரு கடை இருக்காதுன்னு நினைச்சேன் அக்கா. சத்தியமா. அங்கே எழுதறவங்க எல்லாருமே என்னை மாதிரிதான், கூலிக்கு எழுதறாங்கன்னு நினைச்சேன். எதிர்க் கம்பெனியில என்னை மாதிரி ஒருத்தன் உட்கார்ந்துகிட்டு, அஜும்மா வேஷம் போடறான்னுதான்... ஜாக்கெட்டைப் பிரிக்கணும்னு வந்தப்போ எனக்கு ஞாபகத்துல இருந்த ஒரே தையல் கடை இதுதான். இருக்கா இல்லையான்னு பார்த்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

"உன் முழுப் பேரு என்ன?" மரியாதை போய்விட்டிருந்தது.

"குவாக் தே-இல்."

"யோவ் குவாக் தே-இல், உன்னால நான் என் சிநேகிதியையே சந்தேகப்பட்டேன்யா!"

அவளைக் கேட்டால் அதையும் அவன் கணக்கில்தான் எழுதுவாள். ஜாக்கெட்டை அவன் மூஞ்சியில் எறியலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நேரே மேலே போய் அவன் பெயரைப் போட்டு எழுதிவிடலாம் என்றும் தோன்றியது. எழுதினால்? 'சோப்புக்காரி தீப்பெட்டிமேல் பழி போடுகிறாள்' என்பார்கள். நிரூபணமே கடைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது, அதைச் சொல்ல அவளுக்கு ஒரு வாய் இல்லை. அந்த வாயைப் பூட்டியவன் இவன்தான். ஆத்திரத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இயர்போனை எடுத்து அவன் காதில் திணித்தாள். சோப்பை ஓவர்லாக் மேஜையில் வைத்துப் பாட்டைப் போட்டாள். ஒரு பழைய கால்சட்டையை இழுத்துப்போட்டு, பெடலை மிதித்தாள், சும்மா மிதிக்கவில்லை. மேஜையிலிருந்த நூல்கண்டுகள் உருண்டு தரையில் விழுந்தன, கத்தரிக்கோல் குதித்தது. பியோங்ஹோ அம்மா காலுறைக் கட்டோடு எட்டிப் பார்த்தாள். குட்டை ஒயர் காதைப் பிடுங்காமல் இருக்க, குவாக் தே-இல் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குனிந்து உட்கார்ந்து ஒரு முழுப் பாட்டையும் கேட்டான்.

"துள்ளிச்சா?"

"துள்ளல."

"ஒயர் குட்டையா?"

"குட்டை அக்கா."

மல்சுன் இயர்போனை உருவி வைத்தாள். ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டு, உள்பக்கமிருந்து நூலை ஒவ்வொன்றாக அறுத்து, முன்பக்கம் இழுத்து எடுத்தாள். ஊசித் துளைகளை நகத்தால் தேய்த்து மூடி, ஆவி இஸ்திரி போட்டாள். எழுத்து இருந்த இடத்தில் துணியின் பழைய நிறம் லேசாக மிச்சம் நின்றது.

அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இந்தத் தடம் போயிடுமா?"

"ரெண்டு தடவை துவைச்சா போயிடும்."

"நிஜமாவா? நாலு வீடு ஏறி இறங்கணும், அதான்... நிஜமாத் தெரியாதா?"

மல்சுன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இத்தனை நாள் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்ததை எடுத்து அவனிடமே நீட்டினாள்.

"தெரியாது. நம்பலன்னா விடுங்க."

அவன் கூலியை இரண்டு கையாலும் நீட்டி, குனிந்து வணங்கிவிட்டு, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போனான். அவள் சில்லறையை எண்ணிப் பார்த்துத்தான் பெட்டியில் போட்டாள்.

மறுநாள் மதியம் கிம்பாப்போடு மேலே போனாள். கருத்துப் பக்கத்தில் நடுநிலை எழுதியிருந்தான்: 'தையல்மெஷின் அம்மாவின் கடைக்கு நேரில் போனேன். கடை இருக்கிறது. ஓவர்லாக் மேஜையில் வைத்து முழுப் பாட்டையும் கேட்டேன். துள்ளவில்லை. அவர் சொன்னது உண்மை. நான் எழுதியது தப்பு.'

வழக்கமான முடிவு இல்லை. மல்சுன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வாயில் வைத்த கிம்பாப்பை மெல்ல மறந்துவிட்டாள்.

பிறகு திரையில் பக்கத்தைக் கீழே நகர்த்தினாள். கீழே ஒருவர்: 'நடுநிலையும் விலை போய்விட்டாரா?' அதற்கும் கீழே இன்னொருவர்: 'சோப்பு எவ்வளவு கொடுத்தது?'

அப்போது அவளுக்குள் இருந்த பழைய மல்சுனும் தலையைத் தூக்கினாள். பார்சல் வேலை என்றானே, நிஜம்தானா? சோப்புக் கம்பெனியில் சேர்ந்துவிட்டானோ? நேற்றைக்கு வந்ததே அதற்கு ஒத்திகையோ? அவள் விரல் அந்தக் கேள்வியை எழுதக்கூடப் போய்விட்டது.

சிவந்த காது மடல்கள் நினைவுக்கு வந்தன. விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கட்டின புருஷனிடம்கூட இதுவரை சொல்லாத ஒரு வார்த்தையை, ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தட்டினாள்: 'இவர் சொல்வதை நான் நம்புகிறேன்.'

பொட்டலத்தை மடித்துக்கொண்டு எழுந்திருப்பதற்குள் அதற்கும் பதில் வந்துவிட்டது.

'ரெண்டு பேரும் ஒரே ஆள். இல்லன்னா விடுங்க.'