கருவாடு தின்ற அன்று அம்மை குத்தியது

எங்கள் கிளாவரைக்குக் கருவாடு மாதம் ஒருமுறைதான் வரும். குதிரைக்காரர் மூட்டையை இறக்கிவிட்டால் அன்றைக்கு எந்த வீட்டிலும் வேறு குழம்பு கிடையாது. மறுநாள் பழைய சோற்றுக்கும் அதுதான். அப்படி ஊரே கருவாட்டு மணத்தோடு கை கழுவிக்கொண்டிருந்த ஒரு காலையில் அம்மை குத்துகிறவர் மலையேறி வந்து சேர்ந்தார்.

பக்கத்து ஊரில் இரண்டு வீட்டில் பெரியம்மை. அதைச் சொல்லியும் ஒருவரும் கையை நீட்டவில்லை. கருவாடு தின்ற உடம்பில் அம்மை குத்தினால் புண் அழுகிக் கையே போய்விடும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

"எட்டு நாள் கழிச்சு வாங்க. பத்தியமா இருந்து குத்திக்கிறோம்," என்றார் பெரியப்பா. ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"எதைத் தின்னாலும் ஒண்ணும் செய்யாதுங்க. கொண்டுவந்த மருந்துதான் நாளைக்குள்ள கெட்டுப்போகும்," என்று வந்தவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

அம்மா முன்னால் போய்த் தன் கையை நீட்டினாள். சிறுவயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவள் அவள், முகமெல்லாம் தழும்பு.

"ஒனக்குத்தான் வந்து போயிருச்சே. ஒன் கை இதுல சேராது," என்றார் பெரியப்பா.

அம்மா நீட்டிய கையை இறக்கினாள். பிறகு என்னை இழுத்து முன்னால் விட்டாள். "அப்ப இவளுக்குக் குத்துங்க. காலையில ரெண்டு துண்டு கருவாடு தின்னுருக்கா."

மூன்று என்று திருத்தினேன். இந்த மாதிரி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

"ஆத்தா, ஒனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்," என்றார் பெரியப்பா.

"அதுக்குத்தாங்க," என்றாள் அம்மா.

சின்னச் சக்கரம் போன்ற ஊசியை என் கையில் வைத்துத் திருகினார் வந்தவர். நான் போட்ட கூச்சலுக்கு ஊர் ஓடியிருக்க வேண்டும். ஆனால் பெற்றவளே துணிந்துவிட்டாளே என்று ஒருத்தி வந்தாள், பிறகு நாலைந்து பேர். கடைசியில் பெரியப்பாவும் சட்டையைக் கழற்றினார். அந்த வருஷம் எங்கள் ஊருக்குள் அம்மை வரவில்லை.

ஊருக்கே தெரியாதது எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்ததே என்று வெகுநாள் பெருமையடித்துத் திரிந்தேன். அவளுக்கும் அது தெரியாது. ஊரைப் போலவே கருவாட்டுக்குப் பயந்தவள்தான். அம்மைக்கு அதைவிடப் பயந்தாள், அவ்வளவுதான்.

புண் காய்ந்து பொருக்கு விழும்வரை, தினமும் விடிந்ததும் அம்மா என் கையை எடுத்து மூக்கோடு சேர்த்து வைத்துக்கொள்வாள். அழுகல் வாடை வருகிறதா என்று பார்த்திருக்கிறாள். நான் முத்தம் என்று நினைத்து, தூங்குவதுபோலக் கையை நீட்டிக்கொண்டு கிடந்தேன்.